இரண்டு அங்குலத் தண்ணீரின் வரலாறு



போன வாரம் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. என் தம்பி மகள் தன் அடுக்குமாடி வீட்டில் வாஷிங் மெஷினைக் குளியலறையிலிருந்து சமையலறைப் பின்பக்கத்துக்கு மாற்றினாள். கழிவுநீர்க் குழாய் வெளியே தெரியக் கூடாது என்று சுவரை வெட்டி, உள்ளே பதித்து, பூசி, டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. அன்றிலிருந்து மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும்போதெல்லாம் குளியலறைத் தரையில் "கடகட" என்று சத்தம். பிறகு சாக்கடை வாடை. குழுவில் ஆளுக்கொரு யோசனை: பினாயில் ஊற்று, அந்துருண்டை போடு. ஒரு பெரியவர் வாஸ்து வரைக்கும் போய்விட்டார். வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. அதனால் விளையாட்டாக விட மனமில்லை. "பெரியப்பா, நீங்க சொல்லுங்க" என்றாள்.

நான் வரலாறு எடுத்தவன், குழாய் வேலை தெரிந்தவன் இல்லை. ஆனால் இந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஏறக்குறைய 250 ஆண்டு வரலாறு இருக்கிறது. என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், தேதியை விட "ஏன் நடந்தது?" என்பதைத்தான் அதிகம் கேட்பேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைகழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். குழாய் நேராகக் கீழே போகாமல் வளைந்து ஏறி இறங்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கழிவு போகலாம், கீழிருந்து காற்று மேலே வர முடியாது. இதைத்தான் டிராப் என்கிறோம். குளியலறைத் தரையில் சல்லடைக்கு அடியில் இருப்பதை நம் ஊர் பிளம்பர்கள் "நானி டிராப்" என்பார்கள். எந்தப் பாட்டியும் அதைக் கண்டுபிடிக்கவில்லை! மராத்தியில் நாணி என்றால் குளிக்கும் இடம், அங்கிருந்து வந்த சொல். இந்த வளைவுகளில் நிற்கும் தண்ணீரின் ஆழம் பெரும்பாலும் இரண்டு அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர். உங்கள் வீட்டுக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் நடுவே இருக்கும் கதவு அவ்வளவுதான்.

மொகஞ்சதாரோவில் வடிகால் இருந்தது, கீழடியில் சுடுமண் குழாய் கிடைத்தது என்று யாராவது கருத்துப் பெட்டியில் எழுதுவீர்கள். நானே அதையெல்லாம் வகுப்பில் பெருமையாகச் சொன்னவன்தான். ஆனால் இங்கே நான் சொல்ல வருவது வடிகாலைப் பற்றி அல்ல, அந்த வளைவைப் பற்றி. 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் நீர்க் கழிப்பறை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் அடியில்தான் பாம்பு போல வளைந்த குழாய் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர். கடிகாரம் செய்தவர் கையில் ஏன் கழிப்பறை வந்தது என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் நுட்ப வேலை தெரிந்தவர்கள் எல்லாவற்றிலும் கைவைத்தார்கள்.

அதற்குப் பிறகு அறுபது எழுபது ஆண்டுகளில் லண்டன் வீடுகளில் நீர்க் கழிப்பறைகள் பெருகின. கழிவெல்லாம் தேம்ஸ் நதிக்குப் போனது. 1858 கோடையில் நாற்றம் தாங்காமல், நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளை குளோரைடு சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். மக்கள் காலராவில் செத்தபோது நகராத கோப்பு, உறுப்பினர்களின் மூக்கில் ஏறியதும் நகர்ந்தது. ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர் நகரம் முழுவதற்கும் பெரிய பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். நல்ல வேலை. ஆனால் அதில் ஒரு விளைவும் இருந்தது. அதுவரை ஒரு வீட்டின் கழிவுக் குழி அந்த வீட்டோடு போயிற்று. இப்போது ஒவ்வொரு வீடும் ஊர் முழுவதன் சாக்கடையோடு ஒரே குழாயில் இணைந்தது.

அன்றைய மருத்துவர்கள் பலர், கெட்ட காற்றுதான் நோயைத் தருகிறது என்று நம்பினார்கள். காலரா தண்ணீரில் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ 1854இல் பிராட் தெருக் குழாயை வைத்துக் காட்டியும் அந்த நம்பிக்கை உடனே போய்விடவில்லை. 1861இல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இறந்தார், டைபாய்டு என்றார்கள். சரியாகப் பத்தாண்டு கழித்து, 1871இல், மகன் வேல்ஸ் இளவரசர் ஸ்கார்பரோவில் ஒரு மாளிகையில் விருந்தாளியாகத் தங்கிவிட்டு வந்து டைபாய்டில் படுத்தார். அதே விருந்துக்குப் போன செஸ்டர்ஃபீல்டு பிரபு இறந்தே போனார். இளவரசர் பிழைத்தார். பழி அந்த மாளிகையின் சாக்கடைக் காற்றின் மேல் விழுந்தது. வசதியுள்ள வீடுகளெல்லாம் தங்கள் குழாய்களைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தன.

பார்த்தபோது ஒன்று தெரிந்தது. வளைவு இருந்தது, தண்ணீர் இல்லை!

நம் கதையின் முக்கியமான இடம் இது. மண்ணெண்ணெய் டின்னிலிருந்து ரப்பர் குழாயால் உறிஞ்சி எண்ணெய் எடுத்தது நினைவிருக்கிறதா? ஒருமுறை ஓட ஆரம்பித்தால் தானே இழுத்துக்கொண்டு வரும். டிராப்பிலும் அதுதான் நடக்கிறது. குழாய் நிறையத் தண்ணீர் வேகமாகப் போனால், போகிற போக்கில் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். தன் டிராப் மட்டுமல்ல. கீழே விழும் தண்ணீர் ஊசிமருந்துக் குழலின் தண்டு மாதிரி, முன்னால் இருக்கும் காற்றை நெருக்கும், பின்னால் இருப்பதை இழுக்கும். அதே குழாயில் சேர்ந்திருக்கும் பக்கத்து டிராப்பின் வழியாகக் காற்று இழுபடும். அந்த இழுப்புதான் "கடகட" சத்தம். சத்தம் வந்தால் எங்கோ ஒரு டிராப் காலியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இதற்கு மருந்தும் எளிமையானது. டிராப்பைத் தாண்டியதும் ஒரு காற்றுக் குழாயை மேலே கொண்டுபோய் ஆகாயத்தில் திறந்துவிட வேண்டும். குழாய்க்குக் காற்று தேவைப்பட்டால் டிராப்பிலிருந்து இழுக்காது, மேலிருந்து எடுத்துக்கொள்ளும். டின் பாலில் இரண்டாவது ஓட்டை போடுகிறோமே, அதே கணக்கு. ஸ்டீவன்ஸ் ஹெல்யர் என்ற லண்டன் பிளம்பர் 1877இல் வெளியிட்ட புத்தகத்தில் வீட்டுக் குழாய்களையும் டிராப்களையும் விரிவாக ஆராய்ந்தார். கைத்தொழில்காரர் ஒருவர் தன் தொழிலை இப்படி எழுதிவைத்தது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். நம் ஊரில் கொத்தனாருக்குத் தெரிந்தது கொத்தனாரோடு போய்விடுகிறது.

பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் காற்றுக் குழாய், அதற்கொரு துணைக் குழாய் என்று பிரிட்டிஷ் கட்டடங்களின் வெளிச்சுவர்கள் கொடி படர்ந்த பந்தல் போல ஆயின. அமெரிக்காவில் ஊருக்கு ஒரு சட்டம். 1920களில் வணிகத் துறைச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர்தான், இதற்கு ஒரு குழு போட்டார். ராய் ஹன்டர் என்பவர் அரசு ஆய்வகத்தில் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு அளந்தார். பிரிட்டனில் 1950களில் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் வைஸ் என்பவரும் இதை அளந்து, கிளைக் குழாய் குட்டையாகவும் சரிவு அளவோடும் இருந்தால் பல காற்றுக் குழாய்கள் தேவையே இல்லை என்று காட்டினார். பயத்தில் போட்ட குழாய்களை அளவுகோல் கழற்றியது.

வாஷிங் மெஷின் இந்தக் கதையில் தாமதமாக நுழைந்தது. அமெரிக்காவில் பென்டிக்ஸ் நிறுவனத்தின் தானியங்கி மெஷின் 1937இல் வந்தது. அதற்கு முன்பு துவைத்த தண்ணீரைத் தொட்டியில் திறந்துவிடுவார்கள், அது தன் போக்கில் போகும். மெஷினில் பம்பு வந்ததும் கதை மாறியது. இரண்டு மூன்று வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் தள்ளும், நுரையோடு. கைகழுவும் தொட்டிக்குப் போட்ட ஒன்றேகால், ஒன்றரை அங்குலக் குழாய் திணறிப்போகும். பின்னாளில் அமெரிக்க விதிகள் மெஷினுக்கு இரண்டு அங்குலக் குழாய் கேட்டது இதனால்தான்.

இனி தம்பி மகள் வீட்டுச் சுவர். அவள் அனுப்பிய படங்களில், பூசுவதற்கு முன் எடுத்தவை, தெளிவாகத் தெரிகிறது. ஒன்றரை அங்குலக் குழாய், நடுவில் இரண்டு எல்போ. அதற்கென்று டிராப் கிடையாது. குளியலறை நானி டிராப்பைத் தாண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். எனவே மெஷின் ஹோஸ் செருகியிருக்கும் வாயே சாக்கடைக்குத் திறந்த ஜன்னல். கூடவே மெஷின் தண்ணீர் தள்ளும்போதெல்லாம் நானி டிராப் வறள்கிறது. இரண்டு வழியாகவும் வாடை.

பாப்பா, டைல்ஸை உடைக்கத்தான் வேண்டும். இரண்டு அங்குலக் குழாய். அதற்குத் தனி டிராப். அதைத் தாண்டியதும் காற்றுக் குழாயை மேல்நோக்கி எடுத்து வெளிச்சுவரில் விடட்டும், பக்கத்து ஜன்னலுக்கு அருகில் வேண்டாம். மெஷின் ஹோஸை டேப் சுற்றி இறுக்கி அடைக்கக் கூடாது, சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மெஷினுக்குள் இருக்கும் தண்ணீரையே உறிஞ்சிவிடும். வெளியே போக வழியே இல்லை என்றால் காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு ஒன்று உண்டு, 1970களில் ஸ்வீடனில் வந்தது. அதைப் பூச்சுக்குள் புதைத்தால் மூச்சுவிடாது, கைக்கு எட்டும் மூடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். பாரம் தாங்கும் சுவரைக் குறுக்காக நீளமாக வெட்ட விடாதே. பூசுவதற்கு முன் குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு வைத்துப் பார்.

வாடைதானே, அதற்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு மிச்சக் கதை.

டைபாய்டு கெட்ட காற்றால் வருவதில்லை என்று பிறகு உறுதியானது. குடிநீரும் உணவும்தான் காரணம். 1907இல் ஹாராக்ஸ் என்ற ராணுவ மருத்துவர் ஜிப்ரால்டரில் தீங்கற்ற கிருமியைச் சாக்கடையில் கலந்து, அது குழாய்க் காற்றிலும் வருவதைப் பிடித்துக் காட்டினார். அமெரிக்காவில் வின்ஸ்லோ அளந்துவிட்டு, அளவு மிகக் குறைவு, பயப்பட வேண்டாம் என்றார். அதோடு சாக்கடைக் காற்று பயம் பாட்டி காலத்து நம்பிக்கையாகிப் போனது.

2003 மார்ச். ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற குடியிருப்பு. சார்ஸ் நோயோடு வந்த ஒருவர் E பிளாக்கில் தங்கினார், அவருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. ஏப்ரல் நடுவில் அந்தக் குடியிருப்பில் மட்டும் 321 பேருக்கு நோய். நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்திராத மாடிகளில் எப்படிப் பரவியது என்று அரசு ஆராய்ந்தது. குளியலறைத் தரையை அங்கே தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே பழகியிருந்தார்கள். தரை டிராப்களில் இருந்த தண்ணீர் காய்ந்து போயிருந்தது. குளியலறை மின்விசிறியைப் போட்டதும், கழிவுக் குழாயிலிருந்த நுண்துளிகளை அது வீட்டுக்குள் இழுத்தது. முக்கியமான பரவல் வழிகளில் ஒன்று இதுதான் என்று அறிக்கை சொன்னது. ஏப்ரல் 1 அன்று E பிளாக் மக்களை விடுமுறை முகாம்களுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

அதன் பிறகு ஹாங்காங் அரசு மக்களுக்குச் சொன்ன வழி, வாரம் ஒருமுறை ஒவ்வொரு தரை வாயிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள் என்பது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் ஊர் வீட்டைப் பூட்டிவைத்திருக்கிறீர்கள். சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம், விளக்கேற்றப் போகும்போது குளியலறையில் ஒரு சொம்பு தண்ணீரும் ஊற்றச் சொல்லுங்கள்.