பஸ் நிலையத்துப் படங்கள்: 2002 – 2006

நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் அனுப்புமாறு கேட்டபோது நாம் எதிர்பார்த்தது பரிசளிப்பு விழாக்களையும் வகுப்புக் குழுப் படங்களையும்தான். அவையும் வந்தன. ஆனால் ரொறன்ரோ, லண்டன், சிட்னி, கொழும்பு என்று பல இடங்களிலிருந்தும் வந்து சேர்ந்த இறுவட்டுகளில் பாடசாலையை விட வீதியே அதிகம் இருந்தது. யாழ்ப்பாணம் மத்திய பஸ் நிலையம், ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதி, மினிபஸ், தட்டிவான், சைக்கிள், பழைய ஒஸ்ரின் கார். ஏறக்குறைய எல்லாமே 2002க்கும் 2006க்கும் இடையில் எடுக்கப்பட்டவை.

அதற்குக் காரணம் உண்டு. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அதே ஆண்டு ஏ9 பாதை பொதுமக்களுக்குத் திறந்தது. 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் மறுபடி அடைபட்டது. வெளிநாடுகளில் சாதாரண வீடுகளுக்கு டிஜிட்டல் கமரா வரத் தொடங்கியதும் இந்த ஆண்டுகளில்தான். பத்துப் பதினைந்து வருடம் ஊர் காணாத எமது பழைய மாணவிகள் கமராவும் கையுமாக வந்திறங்கினார்கள். பிலிம் சுருளில் 36 படம்தான். அதைக் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் வைத்திருப்போமே தவிர பஸ் நிலையத்தில் யார் செலவழிப்பார்? புதிய கமராவில் அந்தக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஊரில் இருந்தவர்கள் எடுத்த படம் இவற்றில் அநேகமாக இல்லை. தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள் என்பதை நினைத்தால் அது வியப்பில்லை. கமரா இருந்திருந்தாலும் எடுத்திருப்பார்களா என்பது வேறு விடயம். படங்களைத் தெரிவு செய்யக் கூடியபோது, ஊரில் இருந்த ஒருவர் சைக்கிள் படங்களைப் பார்த்து, “இதில என்ன புதினம்?” என்று கேட்டார். 1980களில் புறப்பட்டுப் போனவருக்கு அதுதான் பெரிய புதினம். எமது மூத்த அக்காமார் பஸ்ஸிலும் வாடகைக் காரிலும் பாடசாலைக்கு வந்தவர்கள். 1990இன் பின்னர் பொருளாதாரத் தடையில் பெற்றோல் அற்றுப்போக, யாழ்ப்பாணம் சைக்கிளில் ஏறியது. வெள்ளைச் சீருடையோடு வீதி நிறையப் பிள்ளைகள் மிதித்துச் செல்லும் காட்சி அந்தத் தட்டுப்பாட்டில் பிறந்தது.

கார்களின் கதையும் அப்படித்தான். ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டியதால் பிழைத்துக் கிடந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் 2003இலும் ஓடிக்கொண்டிருந்தன. படங்களைப் பெருப்பித்துப் பார்த்தால் இலக்கத் தகடுகளும் பேசுகின்றன. மிகப் பழையவற்றில் ஆங்கில எழுத்து. அவற்றுக்குப் பின் வந்தவற்றில் சிங்கள ஸ்ரீ. பஸ் சேவைகள் தேசியமயமான 1958இல், அந்த எழுத்தைத் தாங்கி வடக்குக்கு வந்த இ.போ.ச. பஸ்களை முன்வைத்தே ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் சூடுபிடித்தது. படமெடுத்தவர் காரின் அழகுக்காகத்தான் எடுத்திருப்பார்.

டிஜிட்டல் படத்தில் இன்னொரு வசதி, எடுத்த நாளும் நேரமும் கோப்பிலேயே பதிந்திருக்கும். ஆனால் அதை அப்படியே நம்பக்கூடாது. உச்சி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும் சனத்தின் படம் அதிகாலை 3 மணி என்கிறது. கமரா ரொறன்ரோ நேரத்திலேயே இருந்திருக்கிறது. கோடையில் பத்து மணித்தியால வித்தியாசம். நாட்டுக்குள்ளேயும் அப்போது நேரம் ஒன்றாக இருக்கவில்லை. 1996இல் அரசு மாற்றிய நேரத்தைப் புலிகள் ஏற்கவில்லை. ஆதலால் கொழும்பிலிருந்து வருபவர்கள் ஓமந்தை தாண்டியதும் மணிக்கூட்டை அரை மணி பின்னே வைத்து, முகமாலை தாண்டியதும் மறுபடி முன்னே வைத்தார்கள். 2006 ஏப்ரலில் அரசும் பழைய நேரத்துக்கே திரும்பியது.

ஆனால் ஓமந்தையிலோ முகமாலையிலோ எடுத்த படம் எந்த இறுவட்டிலும் இல்லை. அங்கே கமராவை வெளியே எடுக்க முடியாது. வவுனியாவில் தேநீர்க் கடை, அடுத்த படத்தில் கொடிகாமம் சந்தை. இடையில் இறங்கியது, பொதிகளைத் திறந்து காட்டியது, வெயிலில் வரிசையில் நின்றது எதுவும் பதிவில் இல்லை.

எமக்குள் வாதம் எழுந்தது ஒரு படத்தைப் பற்றித்தான். எமது பாடசாலைப் பிள்ளைகள் நால்வர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கிறார்கள். காலை வெயில், பின்னலில் ரிபன், எல்லார் முகத்திலும் சிரிப்பு. வலது ஓரத்தில் மண்மூட்டைகளும் ஒரு துவக்கின் முனையும். ஓரத்தை வெட்டிவிட்டால் அட்டைப்படத்துக்கே போடலாம் என்று சிலர் சொன்னார்கள். மகிழ்ச்சியான மலரில் அது எதற்கு என்ற அவர்களது கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் காவலரணைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கி நடக்க வேண்டும் என்பதாலேயே அந்தப் பிள்ளைகள் நடக்கிறார்கள். மண்மூட்டையை வெட்டிவிட்டால், சைக்கிள் இருந்தும் ஏன் நடக்கிறார்கள் என்று இனிப் படிக்க வரும் பிள்ளைக்கு விளங்காது. படம் வெட்டப்படாமல் உள்ளே ஒரு முழுப்பக்கத்தில் வருகிறது.

புகையிரத நிலையப் படங்கள் இரண்டே. 1905இல் கொழும்போடு இணைந்த பாதையில் 1990 ஜூனுக்குப் பின் யாழ்தேவி வரவில்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. படத்தில் கூரையில்லாத மேடையில் ஆடு படுத்திருக்கிறது. 2014 ஒக்ரோபர் 13இல் ரயில் திரும்பி வந்தபோது எல்லார் கையிலும் கமராத் தொலைபேசி. அந்த நாளுக்குப் படப் பஞ்சமில்லை.

வந்த படங்கள் யாவும் பழைய கோப்புப் பெயர்களோடு இரண்டு இடங்களில் பிரதி செய்யப்பட்டுள்ளன. மூன்று இறுவட்டுகள் எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. அவற்றில் ஒன்றின் மேல் “யாழ் பஸ் ஸ்ராண்ட், 2003” என்று எழுதியிருக்கிறது. அந்த வருடம் வந்துபோன பழைய மாணவிகள் உங்கள் அலுமாரிகளை ஒருமுறை பாருங்கள். இறுவட்டோ மெமரி காட்டோ அகப்பட்டால் தெரிவு செய்யாமல், வெட்டாமல், அப்படியே சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்.