காவிரிச் சமவெளி வண்டல்

காவிரியும் அதன் கிளைகளும் வெள்ளக் காலங்களில் கரைமீறிப் பாய்ந்து படியவைத்த மண். கல்லணைக்குக் கிழக்கே விசிறிபோல் விரிந்து வங்கக் கடல்வரை செல்லும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நெல்வயல்களில் பெரும்பகுதி இதன்மேல் அமைந்தது. பாசன வழக்கில் இப்பகுதி ‘பழைய டெல்டா’. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயால் நீர் பெற்ற ‘புதிய டெல்டா’ பெரிதும் செம்மண்ணும் செம்புறை மண்ணும் கொண்டது. அது இங்கே சேராது.

‘வண்டல்’ என்ற சொல் இரண்டு பொருளில் வழங்குகிறது. ஆறு கொண்டுவந்து சேர்த்தது மணலானாலும் களியானாலும் பொதுவழக்கில் வண்டல்தான். மண்ணியல் பாடநூல்களிலோ மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட பருமனுள்ள துகள்கள் மட்டுமே வண்டல், 0.002 மி.மீ.க்கு மேல், 0.02 அல்லது 0.05 மி.மீ. வரை, பின்பற்றும் முறையைப் பொறுத்து. இந்தக் கணக்கில் பார்த்தால் தஞ்சை வயல்கள் பலவற்றில் வண்டலைவிடக் களியே மிகுதி. சங்கப் பாடல்களில் இச்சொல் வேறொரு முகம் காட்டுகிறது. சிறுமியர் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் மணலில் பாவை செய்து விளையாடுவதற்கு வண்டல் என்றே பெயர். செய்த பாவை வண்டற்பாவை. மண்ணிலிருந்து விளையாட்டுக்குப் பெயர் போனதா, விளையாட்டிலிருந்து மண்ணுக்கு வந்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

படிவு எங்கும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. கரை கடந்ததும் நீரின் வேகம் தளரும்; பருமனான மணல் ஆற்றோரத்திலேயே விழுந்துவிடும். நுண்ணிய களி மட்டும் தேங்கிய நீரோடு நெடுந்தூரம் போய்த் தாழ்வான உள்நிலங்களில் மெல்ல இறங்கும். ஆற்றுக்கும் வெள்ளக்கரைக்கும் இடைப்பட்ட படுகை நிலத்தில் வாழையும் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும், உள்ளே தள்ளி நெல்லும் அமைந்ததற்கு இந்த வரிசையே காரணம். வெள்ளம் வடிந்த இடத்தில் படிவு காய்ந்து பொருக்காக வெடிக்கும். ஒவ்வொரு தட்டும் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு கிடக்கும். ஒரு தட்டைப் பெயர்த்துப் பக்கவாட்டில் பார்த்தால் அடியில் பொடிமணல், மேலே வர வர மாவுபோன்ற வழவழப்பு. விரற்கடை கனத்துக்குள் ஒரு முழு வெள்ளம் எழுந்து அடங்கிய கதை இருக்கும்.

உழவர்க்கு இம்மண் தருவதில் முதலாவது ஈரம். மணலில் நீர் நிற்காது. கடுங்களியில் நின்றாலும் வேருக்கு முழுதும் எட்டாது. இடைப்பட்ட துகள்கள் நீரைப் பிடித்தும் வைக்கும், விட்டும் கொடுக்கும். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நெற்பயிர் நிற்கும்போதே ஈரச் சேற்றில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடும் வழக்கம் இதை நம்பியே உண்டானது. அறுப்பவர் கால்பட்டு விதை சேற்றில் புதையும். அறுத்த தாளுக்கு நடுவே முளைத்து, மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே காய்த்துவிடும். உழவு இல்லை, தனிப் பாசனமும் இல்லை.

குறைகளும் உண்டு. வண்டல் துகள்களுக்கு ஒட்டும் தன்மை குறைவு. மழை அடித்தால் மேற்பரப்பு இறுகி ஓடு கட்டும், முளை மேலே வரத் திணறும். களி மிகுந்த களத்தூர் வகை மண் கோடையில் ஆழமாக வெடிக்கும், நனைந்ததும் உப்பி மூடிக்கொள்ளும். சாம்பல் சத்து பொதுவாகப் போதிய அளவு இருக்க, தழைச்சத்து குறைவாகவே உள்ளது. ஆண்டாண்டாகச் சேற்றுழவு செய்ததால் ஒரு சாண் ஆழத்துக்குள் கெட்டித்த அடுக்கு ஒன்று உருவாகி, நீர் கீழே இறங்குவதைத் தடுக்கிறது. நெல்லுக்கு இது நன்மை. பின்னால் வரும் பயிரின் வேருக்கு இடைஞ்சல். வயல்மண்ணை ஆறு செய்ததில் பாதி, மாடும் கலப்பையும் செய்ததில் பாதி என்றால் மிகையாகாது.

வெள்ளத்தை அடக்கிப் பயிர் செய்ததன் தொடக்கம் கரிகாலனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அவன் காவிரிக்குக் கரை எழுப்பியதை ராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடும், ஆந்திரப் பகுதியைச் சேர்ந்த தெலுங்குச் சோழரின் மாலேபாடு செப்பேடும் கூறுகின்றன. இரண்டுமே அவனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. கல்லணையைக் கட்டியவனும் அவனே என்பது மரபு. அணையின் காலத்தைப் பற்றிய கருத்துகள் வேறுபடுகின்றன.

சோழர் காலத்தில் நிலம் விளைதிறனுக்கு ஏற்பத் தரம் பிரிக்கப்பட்டது. முதலாம் ராசராசன் காலத்தில், 1001ஆம் ஆண்டளவில் நடந்த அளவீடு வேலி என்னும் நில அளவையை மா, காணி, முந்திரி, கீழ்முந்திரி என்று நுணுக்கியது. ஆனால் கல்வெட்டுகளில் வண்டல் பெரும்பாலும் தொல்லையாகவே எட்டிப் பார்க்கிறது: ஏரியில் தூர்ந்தது, அதை அள்ள ஏற்படுத்திய ஏரிப்பட்டி, வெள்ளத்தில் மணல் மேவித் தரிசான நிலம். வயலில் படிந்து விளைச்சலைக் கூட்டிய மண்ணுக்கு எவரும் கணக்கு எழுதவில்லை. நாயக்கர், மராட்டியர் காலங்களுக்கும் குடிமராமத்து முறையில் வாய்க்கால் தூர்வாரியதற்கு மேல் இங்கே சொல்லத்தக்கது குறைவு.

1799இல் தஞ்சை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பிறகு பதிவுகள் திடீரெனப் பெருகுகின்றன. அதற்குக் காரணம் மண்மேல் கொண்ட அக்கறையல்ல, வரி வருவாய். முக்கொம்பில் காவிரி இரு ஆறுகளாகப் பிரிகிறது; அவற்றில் கொள்ளிடம் சரிவு மிகுந்தது. நீர் அதை நோக்கியே இழுபட்டது. வேகம் குறைந்த காவிரி தன் சுமையைத் தன் படுகையிலேயே இறக்கிவைக்க, படுகை உயர உயர நீர்வரத்து மேலும் சுருங்கியது. 1804இல் இதை ஆராய்ந்த காப்டன் கால்டுவெல் கல்லணையின் முகட்டை உயர்த்தவும் கரைகளைப் பலப்படுத்தவும் பரிந்துரைத்தார். முகட்டை உயர்த்தியதில் தேக்கம் கூடிற்று. தேக்கம் கூடவே மணற்படிவும் கூடியது.

1829இல் காவிரிப் பாசனப் பணிகளுக்குப் பொறுப்பேற்றபோது பொறியாளர் ஆர்தர் காட்டனுக்கு வயது 26. நீரைத் தடுப்பதோடு மண்ணையும் வெளியேற்ற வேண்டும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வழி. 1830இல் கல்லணையின் உடலைத் துளைத்து மணற்போக்கிகள் அமைத்தார். அந்த வேலையின்போதுதான் பழைய அணையின் உள்ளமைப்பு பொறியாளர் பார்வைக்கு வந்தது: செதுக்காத கற்கள், இடையில் சுண்ணாம்பு இல்லை, வெறும் களிமண். ஆற்றுமணலின் மேல், ஆற்றின் களிமண்ணையே சாந்தாகக் கொண்டு, அரவம்போல் வளைந்து கிடந்த சுவர் அது. சுமார் 1,080 அடி நீளமுள்ள அதைப் பார்த்தே மணற்படுகையில் அடித்தளமிடும் கலையைக் காட்டன் கற்றார் என்பர்; பின்னாளில் கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கட்டை எழுப்பியவரும் அவரே.

1836 முதல் 1838 வரை முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், கிழக்கே அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டன. காவிரிக்கு நீர் திரும்பியது. திரும்பிய அளவுதான் மிஞ்சிப்போயிற்று. முன்பு தூர்ந்துகொண்டிருந்த ஆறு இப்போது தன் படுகையை அரிக்கத் தொடங்கியது. 1840களில் மேலணை முகட்டின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் தலைப்பில் தரைமட்ட அணை ஒன்றும் போட நேர்ந்தது. 1880களில் கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் மதகுகள் எழுந்தபின் வெள்ளம் தன் விருப்பப்படி வயல்களில் ஏறுவது மேலும் அரிதாயிற்று. வண்டல் அதன்பின் பெரும்பாலும் வாய்க்கால் வழியேதான் வயலுக்குப் போனது. தலைமடையில் மிகுதியாக, கடைமடையில் சொற்பமாக.

1924இன் பெருவெள்ளத்துக்கு மறு ஆண்டு மேட்டூரில் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள நீர்த்தேக்கத்தில் மேல்காவிரியின் படிவு தங்கிவிட, கீழே வந்த நீர் தெளிந்தது. மேட்டூருக்குக் கீழே கலக்கும் பவானியும் அமராவதியும் சிறிது காலம் சேற்றைச் சுமந்துவந்தன. 1950களில் அவற்றிலும் அணைகள் எழுந்தன. ஆடிப்பெருக்கில் வரும் செங்கலங்கல் நீரைப் புதுப்புனல் என்று வணங்கிய வழக்கம் தொடர்கிறது. நீரின் நிறம்தான் பழைய நிறமில்லை.

அணைகளால் நிலத்தின் வளம் எவ்வளவு குறைந்தது என்பது தீராத வாதம். ஆண்டுதோறும் படிந்த மண்ணே உரமாக இருந்தது என்பார் ஒரு சாரார். மற்றவர் தேங்கிய நீருக்கு முதலிடம் தருவர்: நீர் மூடிய மண்ணில் காற்று குறைய மணிச்சத்து வேருக்கு எளிதில் கிடைக்கிறது, நீலப்பச்சைப்பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. இரண்டையும் பிரித்து அளப்பது எளிதன்று. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும், 1960இல் தஞ்சையில் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டமும், 1965இன் ஏ.டி.டீ. 27 நெல்லும் விளைச்சலை உயர்த்தின; அந்த உயர்வில் உரமூட்டைக்குப் பங்கு பெரிது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் சில அடித்துச் செல்லப்பட்டன. 2020இல் டெல்டாவுக்கான பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. கடலோரத்தில் உவர்நீர் ஏறுவதும் ஆற்றுமணல் அள்ளப்படுவதும் பேசப்பட்டுவருகின்றன.

2017இல் தமிழ்நாடு அரசு ஏரி, குளங்களின் வண்டலை உழவர்கள் விலையின்றி எடுத்துச் செல்ல அனுமதித்தது. இந்த மண்ணுக்குச் சிற்றூர்ப் பெயர் கரம்பை. பெண்கள் தலைக்குத் தேய்த்துக் குளித்ததும் இதையே. கோடையில் குளம் வற்றியதும் முன்பு மாட்டுவண்டியில் அடித்தார்கள், இப்போது டிராக்டர் டிப்பரில் அடிக்கிறார்கள். வயலில் கொட்டிய கட்டிகளை உடனே உழுவதில்லை. வெயிலில் நன்றாகக் காய்ந்து, முதல் மழையில் தானே உதிர்ந்து பரவும்வரை விட்டுவைப்பார்கள்.