எருக்கூடையும் நிலப் பட்டாவும்: டஸ்கீகி வரலாற்றிலிருந்து

எங்க அம்மா எருக்கூடை சுமந்தவங்க. ஆண்டை வீட்டுக் குப்பைக்குழியிலிருந்து ஆண்டை கழனிக்கு. கோடை பூராவும் அதுதான் வேலை. ஒரு பிடி எருவைக் கையில் எடுத்துப் பிசைஞ்சு பார்த்தே 'இது இன்னும் மக்கல, வேரைச் சுட்டுரும்'னு சொல்லிடுவாங்க. அப்பா படியாள். அந்த எருவால் கறுத்துச் செழித்த மண்ணில் ஒரு சாண்கூட எங்களுக்குக் கிடையாது.

பிறகு நான் வேளாண்மை படிக்கப் போனேன். மண்வளம், மக்கிய உரம், பயிர்ச் சுழற்சி எல்லாம் அங்கே பாடமாக இருந்தன. அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த சனங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இப்போது 'வளங்குன்றா வளர்ச்சி' என்ற சொல் எல்லாப் பல்கலைக்கழக வாசலிலும் தொங்குகிறது. வளாகத்தில் மரம் நடுகிறார்கள், மழைநீர் சேமிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இந்த வேலையை நூறு வருஷத்துக்கு முன்பே, அடிமைகளாயிருந்த மக்கள் கட்டிய ஒரு கல்வி நிலையம் செய்து பார்த்திருக்கிறது. அதன் வெற்றியும் தோல்வியும் நாம் படிக்க வேண்டிய வரலாறு.

அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மேக்கன் மாவட்டம். 1881 ஜூலை 4 அன்று டஸ்கீகி என்ற சிற்றூரில் கறுப்பின மக்களுக்கான பள்ளி தொடங்கியது. அதை நடத்த வந்த புக்கர் டி. வாஷிங்டன் அடிமையாகப் பிறந்தவர். அடுத்து, கைவிடப்பட்ட ஒரு பழைய பண்ணையைப் பள்ளிக்காக வாங்கினார்கள். அடிமைகள் உழைத்த அதே மண். கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும், வாங்கக் காசில்லை. மாணவர்களே களிமண் மிதித்து அறுத்தார்கள். முதல் மூன்று சூளைகளும் வீணாய்ப் போயின. வாஷிங்டன் தன் கடிகாரத்தை அடகு வைத்து நான்காவது சூளை போட்டார், அது வெந்தது. மிச்சமான கல்லைச் சுற்றுவட்டாரத்து வெள்ளையர்களும் வந்து வாங்கிப் போனார்கள்.

1896இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வந்து சேர்ந்தார். அவரும் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர், அயோவாவில் தாவரவியல் படித்தவர். டஸ்கீகியில் ஆய்வுக்கூடம் என்று எதுவுமில்லை. குப்பைமேட்டில் கிடந்த பாட்டில்களையும் கம்பிகளையும் பொறுக்கி வந்து கருவிகள் செய்துகொண்டார். சுற்றிலும் இருந்த நிலமோ, வருஷா வருஷம் பருத்தி மட்டுமே போட்டுச் செத்துப்போன நிலம். மழை பெய்தால் மேல்மண் அரித்து ஓடும்.

விலைக்கு உரம் வாங்க அந்த மக்களிடம் பணமில்லை. கார்வர் அதிலிருந்துதான் தொடங்கினார். சதுப்பு நிலச் சேறு, காட்டுச் சருகு, தொழுவக் குப்பை இவற்றை மக்க வைத்துப் போடச் சொன்னார். பருத்திக்கு மாற்றாகத் தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி, எங்க பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை. பயறும் கடலையும் வேர்முடிச்சின் வழியாகக் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவரும். கூடவே பசிக்கும் சோறாகும். 1905இல் களைத்துப்போன மண்ணை மீட்பது எப்படி என்று ஒரு சிறு வெளியீடு, 1916இல் கடலை பயிரிடுவது பற்றியும் அதைச் சமைக்க 105 வழிகள் பற்றியும் இன்னொன்று. கைப்பணமில்லாத குடியானவனுக்குப் புரிகிற மொழியில் எழுதினார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? 1906இல் கோவேறு கழுதை பூட்டிய வண்டி ஒன்று புறப்பட்டது. ஜெசப் என்ற நியூயார்க் வங்கிக்காரர் பணம் கொடுத்ததால் ஜெசப் வண்டி என்று பேர். கலப்பை, விதை, பால் கடையும் கருவி எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் போனது. அதை நடத்திய தாமஸ் கேம்பெல் டஸ்கீகியில் படித்தவர். பல்கலைக்கழகம் சேரிக்குள் வந்து, உன் மண்ணை நீயே சரிசெய்யலாம் என்று சொன்னது மாதிரி. எங்க அம்மாவுக்கு அப்படி ஒரு வண்டி வரவில்லை. வந்திருந்தால் அந்த வண்டிக்காரனுக்கே அவங்க நாலு விஷயம் சொல்லிக் கொடுத்திருப்பாங்க.

இதோடு நிறுத்தினால் கதை இனிக்கும். நிறுத்த முடியாது.

மேக்கன் மாவட்டத்துக் கறுப்பின உழவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்குப் பயிரிட்டவர்கள். விதை கடன், சோறு கடன், விளைச்சல் வந்ததும் கணக்கு நிலக்காரன் கையில். கடன் கொடுத்தவன் பருத்தியைத்தான் கேட்டான், வீட்டு வாசல் வரை பருத்தி போடச் சொன்னான். அடுத்த வருஷம் இதே நிலத்தில் இருப்போமா என்று தெரியாதவன் எதற்காகச் சருகு சுமந்து கொட்டுவான்? வளமானால் பலன் நிலக்காரனுக்கு. கார்வரின் அறிவியலில் பிழையில்லை. நிலம் யாருடையது என்ற கேள்வியை அந்த அறிவியலால் தொட முடியவில்லை.

வாஷிங்டன் அந்தக் கேள்வியைத் தள்ளியே வைத்தார். 1895இல் அட்லாண்டாவில் பேசும்போது, அரசியல் உரிமைக்கும் சமூகச் சமத்துவத்துக்கும் இப்போது போராட வேண்டாம், உழைத்து முன்னேறுவோம் என்று வெள்ளையர்களுக்கு வாக்குக் கொடுத்தார். டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் கடிதம் எழுதியது இந்த டுபாய்ஸுக்குத்தான். 'நல்ல பிள்ளையாயிரு, உனக்கும் கிடைக்கும்' என்ற பேச்சை நாமும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே.

அந்த நம்பிக்கையை அரசு எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கும் அதே மாவட்டம் சாட்சி. 1932 முதல் 1972 வரை, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே சுமார் 600 கறுப்பின ஆண்களை ஆய்வுப் பொருளாக்கியது. அவர்களில் 399 பேருக்கு மேகநோய். 1940களின் பிற்பகுதியில் பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்ட பிறகும் கொடுக்காமல், நோய் முற்றுவதை வேடிக்கை பார்த்தார்கள். டஸ்கீகியின் மருத்துவமனையும் இதில் ஒத்துழைத்தது. அமெரிக்க அதிபர் மன்னிப்புக் கேட்டது 1997இல். சுற்றுப்புற மக்களுக்கும் ஒரு கல்வி நிலையத்துக்கும் உள்ள உறவு என்று பேசும்போது இதை மறைத்துவிட்டு மரம் நட்டதை மட்டும் பேசக்கூடாது.

நிலமும் நிற்கவில்லை. 1910 வாக்கில் அமெரிக்கக் கறுப்பின உழவர்களிடம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஏக்கர் இருந்தது. கடன் மறுப்பாலும் சட்டத் தந்திரத்தாலும் மிரட்டலாலும் அதில் பெரும்பகுதி கைமாறியது. கடன் தருவதில் பாகுபாடு காட்டியதற்காக அவர்கள் வேளாண் துறைமீது போட்ட வழக்கு 1999இல்தான் உடன்பாட்டுக்கு வந்தது.

இதைப் படிக்கும்போது ஒரு வருஷம் என் கண்ணில் பட்டது. கறுப்பின உழவர்களைக் கூட்டி டஸ்கீகி முதல் மாநாடு நடத்தியது 1892. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் நம் மக்களின் நிலையை எழுதி அனுப்பிய அறிக்கையை ஒட்டி, பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்ததும் 1892. பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மவர்களுக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் அடுத்தவன் கைக்குப் போனது. காரணை நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

மண்ணைக் காப்போம் என்று பல்கலைக்கழகங்கள் அழைக்கின்றன. வருவோம். மண்ணைக் காக்க எங்களுக்குத் தெரியும், எங்க அம்மா கையைப் பார்த்தாலே தெரியும். உங்கள் வளாகத்தைச் சுற்றியுள்ள சேரியில் எத்தனை பேருக்குப் பட்டா இருக்கிறது, அங்கிருந்து வந்து உங்கள் குப்பையை அள்ளுபவர்களுக்கு என்ன கூலி, அவர்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து வையுங்கள். மரக்கன்றை அதற்கப்புறம் சேர்ந்து நடுவோம்.