பின்னத்தில் நிற்கும் இடம்: கல்வராயன் மலையும் கால்நடை மருத்துவப் படிப்பின் முன்கட்டமும்

அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் முன்னுரிமை தரும் தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கல்வராயன் மலையோடு பொருத்திப் பார்ப்போர் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகின்றனர். பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 7.5 விழுக்காடு இடங்களை அச்சட்டம் ஒதுக்குகிறது. ‘அரசுப் பள்ளி’ என்ற வரையறைக்குள் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத் துறைப் பள்ளிகளும் அடங்கும். ஆகவே மலையின் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மலையாளிப் பழங்குடி மாணவருக்கும் வழி திறந்துவிட்டது என்பது அவ்வாசிப்பு. வரையறை பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. அதிலிருந்து எட்டப்படும் முடிவு பிழையானது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

சட்டத்தின் பின்னணியில் நீதியரசர் டி. முருகேசன் தலைமையிலான ஆணையம் இருந்தது. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவரின் பங்கு ஏன் குறைவு என்பதே அதன் முன் வைக்கப்பட்ட கேள்வி. பள்ளி யாருடையது என்பது மாணவரின் வாய்ப்பைத் தீர்மானிக்கிறது என்ற அடிப்படையில்தான் சட்டம் எழுந்தது; ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலிருந்தே பிறந்தது. இந்த அடிப்படையை நாம் ஏற்றால், அது எல்லாச் சமூகத்துக்குள்ளும் பொருந்த வேண்டும். பொருந்துகிறதா என்பதைக் கணக்கில்தான் பார்க்க முடியும்.

விளக்கத்துக்காக, மாநிலக் கலந்தாய்வில் 600 கால்நடை மருத்துவ இடங்கள் நிரப்பப்படுவதாகக் கொள்வோம். 7.5 விழுக்காடு என்றால் 45 இடங்கள். இந்த 45க்குள்ளும் சமூகவாரி இடஒதுக்கீடு உண்டு. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு, அதாவது ஒன்பது இடங்கள். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, எட்டு இடங்கள் தேறும். பழங்குடியினருக்கு 1 விழுக்காடு: 0.45. பொதுவான பழங்குடியினர் பங்கான ஆறு இடங்களிலிருந்து 7.5 விழுக்காடு எடுத்தாலும் அதே 0.45தான். ஒரு முழு இடம் கணக்குப்படி உரிமையாக வேண்டுமானால் மொத்த இடங்கள் 1,334 ஆக வேண்டும். அரையை ஒன்றாக்கும் வழக்கத்தைக் கையாண்டாலும் 667 வேண்டும்.

பழங்குடி மாணவர் எவரும் இவ்வழியில் சேரவே முடியாது என்று நான் சொல்லவில்லை. பின்னத்தை மேலே ஏற்றி ஓர் இடம் தரலாம். அப்படித் தந்தால் நல்லது. ஆனால் அவ்விடம் அப்போது சட்டத்தின் சொல்லால் வருவதில்லை, பின்னத்தைக் கையாளும் அலுவலக வழக்கத்தால் வருகிறது. மற்றவருக்கு உரிமையாக எழுதப்பட்டது பழங்குடியினருக்கு மட்டும் ஒரு தசமப் புள்ளியின் தயவில் நிற்கிறது. வரையறைப் பிரிவோடு வாசிப்பை நிறுத்திக்கொண்டவர்கள் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

பொதுப் பங்கில் ஆறு இடங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அந்த ஆறுக்கும் மாநிலத்தின் எல்லாப் பழங்குடி மாணவரும் போட்டியிடுகின்றனர். நகரத்துத் தனியார் பள்ளியில் படித்தவரும் மலையின் சேராப்பட்டுப் பக்கத்து விடுதியில் தங்கிப் படித்தவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். தனியார் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய வந்த சட்டம், அந்த ஏற்றத்தாழ்வு மிகக் கூர்மையாக வெட்டும் இடத்தில் அரை இடத்துக்கும் குறைவாகத் தருகிறது.

இரண்டாவது சிக்கல் கணக்குக்கும் முந்தியது. அமெரிக்காவைப் போல இளநிலைப் பட்டப்படிப்பின் வழியாகக் கால்நடை மருத்துவத்துக்கு ஆயத்தமாகும் முறை நம்மிடம் இல்லை. ஆகவே முன்கட்டம் என்று தனியே ஆராய ஒன்றுமில்லை என்பர். முன்கட்டம் இருக்கிறது, இடம்தான் மாறியது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது, கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு பள்ளிக்குள் நுழைந்தது. அத்துடன் தெரிவு செய்யும் வயதும் இறங்கியது. இந்தியக் கால்நடை மருத்துவக் கழகத்தின் 2016 ஒழுங்குமுறை பிளஸ் டூவில் ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டுக் கட்-ஆஃப் 200இல் உயிரியலுக்கு 100, மற்ற இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது. இந்த 200 என்ற எண்ணுக்குள் ஒரு மாணவி நுழைகிறாளா என்பது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கும்போது “எந்த குரூப்?” என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் முடிந்துவிடுகிறது. பக்கத்துப் பள்ளியில் உயிரியல் பிரிவு இல்லை என்றோ, இருந்தும் ஆசிரியர் இல்லை என்றோ கலைப் பிரிவில் சேர்ந்தவர், அரசுப் பள்ளியில் ஏழு ஆண்டு படித்த சான்றிதழை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கக்கூட முடியாது. சட்டம் பள்ளியின் உடைமையைக் கேட்கிறது. பாடப் பிரிவு அங்கே கிடைத்ததா என்று கேட்பதில்லை.

இன்னொன்றும் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. மழைக்காலத்தில் ஈரத் தழை மேய்ந்த ஆடு இடப்பக்க வயிறு உப்பி நிற்பதையும், ஆட்டுக்கொல்லி கண்ட ஆட்டின் மூக்கொழுக்கையும் கழிச்சலையும் மலைப் பிள்ளை பாடப் புத்தகம் திறக்குமுன் பார்த்துவிடுகிறது. அமெரிக்கக் கல்லூரிகள் பல, விலங்குகளோடு பழகிய அனுபவத்தை விண்ணப்பத்தில் கேட்கின்றன. நம் 200இல் அதற்கு மதிப்பெண் இல்லை. மேய்ச்சல் அனுபவம் உடற்செயலியலுக்கு ஈடாகாது என்பது சரியே. ஆனால் எதுவுமே ஆகாது என்பது விசித்திரமான கொள்கை.

2020இல் தலைவாசலில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, மலைக்கு அருகிலுள்ள சின்னசேலத்தை ஒட்டி இருப்பதால் நிலைமை தானே மாறும் என்ற நம்பிக்கையை நெடுநேரம் விவாதிக்க வேண்டியதில்லை. சேர்க்கை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் நடக்கிறது. தரவரிசைக்குத் தொலைவு தெரியாது.

செய்யக்கூடியவை இரண்டு. முன்னுரிமை ஒதுக்கீட்டில் பழங்குடியினரின் பின்னத்தை அந்தந்த ஆண்டோடு விட்டுவிடாமல் அடுத்த ஆண்டுக்குச் சேர்க்க வேண்டும். 600 இடக் கணக்கில் மூன்றாம் ஆண்டில் 1.35 சேர்ந்துவிடும், ஓர் இடம் எவர் தயவுமின்றி உரிமையாகும். அதோடு, கல்வராயன் மலை வட்டத்தின் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் உயிரியல் பிரிவும் அதற்குரிய ஆசிரியரும் ஆய்வகமும் இருப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது வந்தால், சேர்த்துவைத்த இடத்தைக் கேட்க மலையில் ஆளிருக்காது.