சினத்தைக் காணும் கண்

சினம் மனிதனுக்குப் புதிதன்று. அதனை ஆளும் வழியை அவன் தேடியதும் புதிதன்று. எழும் உணர்ச்சியோடு ஓடாமல், அதனை விலகி நின்று கவனிப்பது அவ்வழிகளுள் ஒன்று. அதன் பயனுக்குத் திருவண்ணாமலை வரலாற்றில் ஒரு சான்று உண்டு.

1896இல், பதினாறாம் வயதில், அவ்வூர் வந்த ரமணர் 1950இல் மறையும்வரை அதனை விட்டு அகலவில்லை. ‘நான்’ எனும் எண்ணம் எங்கிருந்து எழுகின்றது என உள்நோக்கி ஆராய்வதே அவர் காட்டிய நெறி. 1924 ஜூன் 26ஆம் நாள் இரவு அவருடைய ஆசிரமத்தில் கொள்ளையர் புகுந்தனர். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியும் அவரைத் தொடையில் அடித்தனர். இரும்புக் கம்பியுடன் எதிர்க்க முனைந்த சீடரை அவர் தடுத்துவிட்டார். அடி உடலில் விழுந்தது. உள்ளத்தில் பகையாக வளரவில்லை.

நம் ஆன்றோரும் இத்துறையை ஆழ்ந்து ஆய்ந்துள்ளனர். ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில் முராக்கபா, முஹாசபா என்னும் இரண்டிற்கும் தனிப் பகுதியே வகுத்தார். வணிகன் தன் கூட்டாளியிடம் நிபந்தனை பேசி, அவனைக் கண்காணித்து, பின் கணக்குக் கேட்பதுபோல் மனிதன் தன் நப்ஸிடம் கேட்க வேண்டும் என்பது அவர் விளக்கம். எனினும் நெறிகள் அனைத்தும் ஒன்றெனல் பொருந்தாது. இறைவன் நம்மைக் காண்கிறான் என்னும் உணர்வே முராக்கபாவின் உயிர்.

அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் 1979இல், பௌத்தத் தியானத்தினின்று சமயக் கூறுகளை நீக்கி, நோயாளிகளுக்குப் பயிற்சி ஒன்றை அமைத்தார். அது நலமுள்ளோர்க்கும் உதவுமா? டேவிட்சன் என்னும் அறிஞரும் அவரும் பிறரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிறுவன ஊழியருள் 25 பேர் பயிற்சி பெற்றனர். 16 பேர் காத்திருந்தனர். பயின்றோரிடம் பதற்றம் குறைந்தது. ஆய்வு சிறிது, பின்வந்த ஆய்வுகளும் பயனை மிதமாகவே மதிப்பிடுகின்றன. ஆயினும் சினத்திற்கும் செயலுக்கும் இடையே சிறிது இடைவெளி கிடைப்பதே பெரும் பேறன்றோ!

சினமுற்றவர் நின்றிருந்தால் அமருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததும் அவ்வேளையில் நிதானம் வேண்டியே. சினத்தில் உதிர்ந்த ஒரு சொல்லால் இல்லறங்கள் உடைந்ததை நாம் அறிவோம். அச்சொல் நாவை அடையுமுன் அதனைக் கண்டுகொள்ளும் கண்ணை நம் வீடுகளில் பழக்குவோமாக.