தோட்டத்து நாயும் அதன் இரு கடமைகளும்

மனிதன் விலங்குகளுள் முதன்முதலாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டது நாயை. ஆடும் மாடும் குதிரையும் அவன் வாசலுக்கு வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாய் வந்துவிட்டது. வந்த நாள் தொட்டு அதற்கு இரண்டு கடமைகள் அமைந்தன. வேட்டைக்குத் துணையாதல், மந்தைக்கும் மனைக்கும் காவலாதல் ஆகியன முதற் கடமை. குழந்தைக்கு விளையாட்டுத் தோழனாகவும் முதியவரின் தனிமைக்குத் துணையாகவும் இருத்தல் இரண்டாவது கடமை. இவ்விரண்டையும் வெவ்வேறு நாய்கள் செய்யுமானால் சிக்கல் எதுவும் இல்லை. ஒரே நாய் இரண்டையும் செய்யும்போதுதான் மனிதன் தராசைக் கையில் எடுக்க வேண்டியவனாகிறான். பகலில் காட்டுக்குள் ஏவப்படும் நாயே இரவில் குழந்தையின் பாயருகில் படுக்கிறது. காட்டின் ஆபத்து நாயைச் சூழ்கிறது. நாய் சுமந்து வரும் ஆபத்து வீட்டைச் சூழ்கிறது. இந்த இருமுனை ஆபத்தை நாள்தோறும் நிறுத்துப் பார்த்து வாழ்ந்தவர்களுள் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டத் தொழிலாளரும் அடங்குவர்.

நாயின் உழைப்பையும் அன்பையும் ஒருங்கே மதித்த மரபு தமிழருக்குப் புதிதன்று. வேட்டுவரோடு செல்லும் நாயைச் சங்க நூல்கள் பலவிடங்களில் காட்டுகின்றன. ஞமலி என்பது அதற்கு அவை வழங்கும் பெயர்களுள் ஒன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்துறந்த வீரன் ஒருவனுக்காக ஏழாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட கல் அது. அதில் அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல் கூறுகிறது. பெயரிட்டு வளர்த்த நாய் அது. பணியிலும் நின்ற நாய் அது. மன்னர் பெயரோடு ஒரு நாயின் பெயரும் கல்லில் ஏறியதிலிருந்து அக்கால மக்கள் அதனை எவ்வாறு மதித்தனர் என்பது விளங்கும்.

இலங்கையின் பழங்கதையிலும் நாய் தொடக்கத்திலேயே தோன்றுகிறது. விசயனும் அவன் தோழர்களும் கரையிறங்கியபோது, இயக்கி ஒருத்தி பெண் நாயின் உருவில் அவர்கள் முன் வந்தாள் என்று மகாவமிசம் கூறும். நாய் இருக்குமிடத்தில் ஊர் இருக்கும் என்று கருதி அவர்களுள் ஒருவன் அதனைப் பின்தொடர்ந்தானாம். கதை எவ்வாறாயினும் அக்கருத்து மெய்யானது. நாய் குரைக்கும் இடத்தில் மனிதன் அடுப்பு மூட்டியிருக்கிறான்.

சப்பிரகமுவ என்னும் பெயரே வேட்டையோடு தொடர்புடையது. சபரர் என்னும் வேட்டுவ மக்கள் வாழ்ந்த நிலம் என்று அதற்குப் பொருள் கூறுவது மரபு. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் சேர்த்து 1889 ஆம் ஆண்டில் இது தனி மாகாணமாக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1869 இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கத் தொடங்கியிருந்தது. கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. தாழ்ந்த சரிவுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் பரவியது. களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை 1903 இல் எட்டியாந்தோட்டையையும், 1912 இல் இரத்தினபுரியையும் அடைந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் இத்தோட்டங்களின் லயங்களில் குடியேறினர்.

அந்த லயங்களின் அமைப்பை அறிந்தால்தான் நாயின் இடம் விளங்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அதன் முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. சுவர் பொதுச்சுவர். ஒரு வீட்டின் இஸ்தோப்பு முடியுமிடத்தில் அடுத்த வீட்டின் இஸ்தோப்பு தொடங்கும். லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம். அதற்கப்பால் இறப்பர் காடோ தேயிலை மலையோ. பல தோட்டங்களில் அதற்கும் அப்பால் அடர்ந்த வனம். சிவனொளிபாத மலையின் காடுகளும் சிங்கராசக் காடும் இம்மாகாணத்துத் தோட்டங்கள் பலவற்றுக்கு அண்டை நிலங்களாகும்.

விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கு ஆணும் பெண்ணும் சென்றுவிடுவர். கைக்குழந்தைகள் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விடும். பகல் முழுவதும் லயத்தைக் காத்து நிற்பது நாயே. இரவில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் மரவள்ளிக்கும் வற்றாளைக்கும் வரும். அப்போதும் குரல் கொடுப்பது நாயே. வெயில் ஏறுமுன் பால் வெட்டினால்தான் இறப்பர் மரம் நன்றாகச் சுரக்கும். ஆகவே பால்வெட்டும் தொழிலாளி இருள் பிரியும் நேரத்திலேயே மரங்களுக்கிடையில் நடக்க வேண்டும். பாம்பும் பன்றியும் நடமாடும் அவ்வேளையில் முன்னே ஓடும் நாய் அவனுக்குக் கண்ணும் காதும் ஆகிறது. ஓய்வு நாளில் அதே நாயைப் பன்றி வேட்டைக்கு அழைத்துச் செல்வதும் உண்டு. மாலையில் மிஞ்சிய ரொட்டித் துண்டுக்காகப் பிள்ளைகளின் நடுவே வாலாட்டி நிற்பதும் அதுவே.

தோட்ட நாட்டில் நாயை வைத்து வேட்டையாடியவர்களுள் பெயர் பெற்றவர் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர். 1846 இல் இலங்கைக்கு வந்து, பின்னர் நுவரெலியாவில் குடியமர்ந்து, 1855 வரை வாழ்ந்தார். இங்கிலாந்திலிருந்து ஒரு வேட்டைநாய்க் கூட்டத்தையே கப்பலேற்றிக் கொணர்ந்தார். இரத்தினபுரி மாவட்டத்துப் பெலிகுல்ஓயாவுக்கு மேலே செங்குத்தாய் எழும் ஓர்ட்டன் சமவெளியிலும் அவருடைய நாய்கள் மரைகளைத் துரத்தின. 1854 இல் அவர் வெளியிட்ட வேட்டை நூல் வெற்றிகளை மட்டும் கூறுவதன்று. நாய்கள் பட்ட புண்களையும் அடைந்த மரணங்களையும் அது மறைக்கவில்லை. வளைத்து நிறுத்தப்பட்ட மரையின் கொம்பு, பன்றியின் தந்தம், கூட்டத்திலிருந்து பிரிந்த நாயைப் பாய்ந்து கவ்வும் சிறுத்தை ஆகிய மூன்றும் அவருடைய கூட்டத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தன.

ஆயினும் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. துரையின் நாய்களுக்குத் தனிக் கொட்டில் இருந்தது. உணவிடவும் புண்ணுக்கு மருந்திடவும் ஆட்கள் இருந்தனர். ஒரு நாய் இறந்தால் கூட்டத்தில் மற்றொன்று இருந்தது. தொழிலாளியிடம் இருந்தது ஒரே நாய். பன்றி அதன் வயிற்றைக் கிழித்துவிட்டால் காவலும் போயிற்று. வீட்டில் ஒருவரும் போனதுபோலாயிற்று. பிள்ளைகள் அன்று உண்ணமாட்டார்கள். ஆகவே வேட்டைக்கு நாயை அழைப்பதா, வேண்டாமா என்னும் கேள்வி ஏழை வீட்டில்தான் கனமான கேள்வியாயிற்று. அண்மைக் காலத்தில் அக்கனம் மேலும் கூடியிருக்கிறது. பன்றிக்கென்று வைக்கப்படும் கம்பிச் சுருக்கு, நாயையும் சிறுத்தையையும் பிரித்தறிவதில்லை. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் காடுகளில் வேட்டையாடுவதும் குற்றமாகும்.

நாய்க்கு நேரும் ஆபத்து இவ்வாறாக, நாயால் நேரும் ஆபத்து வேறொரு வரலாறு. லூஸ் என்னும் செருமானிய அறிஞர் 1911 இல் ஒரு புதிய கொக்கிப்புழுவை விவரித்தார். இலங்கையிலிருந்து கிடைத்த ஒரு புனுகுப் பூனையின் குடலில் காணப்பட்ட புழு அது. ஆகவே இலங்கையின் பெயரையே அதற்கு இட்டார். அப்புழு நாயிலும் பூனையிலும் வாழும். மனிதனிலும் வாழும் என்பது பின்னர் உறுதியாயிற்று. புனுகுப் பூனை திரியும் புதரில் நாய் நுழைகிறது. நாய் மலம் கழிக்கும் மண்ணில் வெறுங்காலோடு பிள்ளைகள் விளையாடுகின்றனர். காட்டுக்கும் இஸ்தோப்புக்கும் இடையே நாய் ஒரு பாலமாகிவிட்டதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை. மழை மிகுந்த இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அடிக்கடி தலைகாட்டும் எலிக்காய்ச்சலின் கிருமியும் எலியிலேயே தங்கிவிடுவதில்லை. நாயும் அதனைச் சுமக்கக் கூடும்.

இவை எல்லாவற்றினும் கொடியது விசர்நாய்க்கடி நோய். காட்டு நரியிடமிருந்தோ கீரியிடமிருந்தோ மற்றொரு நாயிடமிருந்தோ ஒரு கடி வழியாக அது நாயைப் பற்றும். நோயுற்ற நாயின் உமிழ்நீரிலுள்ள கிருமி, புண் வழியே புகுந்து, நரம்பின் வழியே மெல்ல மூளையை நோக்கி ஏறும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை ஒரு குறியும் தோன்றாது. தோன்றியபின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. கடித்தது யாரோ ஒருவருடைய நாயாக இருந்தால் மக்கள் அஞ்சி ஓடுவர். தன் வீட்டு நாயே பல் பட்டுக் கீறிவிட்டால், நம்முடைய நாய்தானே என்று மஞ்சளைப் பூசிவிட்டு மறந்துவிடுவர். செல்லத்தால் விளையும் ஆபத்து இதுவே. அன்பு கண்ணை மறைக்கும் இடத்தில் நோய் நுழைகிறது.

பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் 1885 ஆம் ஆண்டு சூலையில் ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி இட்டு, இந்நோயைத் தடுக்க முடியும் என்று உலகுக்குக் காட்டினார். இலங்கை அரசு 1893 இல் விசர்நாய்ச் சட்டத்தையும், 1901 இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டத்தையும் இயற்றியது. பதிவு பெற்ற நாய்க்கு உரிமையாளர் உண்டு. பதிவற்றுத் திரியும் நாயைப் பிடித்து அழிக்கலாம் என்பது அவற்றின் போக்கு. நகரத்தில் இது எளிதாகத் தோன்றலாம். லயத்தில் அவ்வாறன்று. ஒரு காம்பராவில் உண்டு, மற்றொன்றின் இஸ்தோப்பில் உறங்கி, லயம் முழுவதையும் காக்கும் நாய் யாருடையது? காவலை எல்லாரும் பெற்றனர்; பொறுப்பை ஒருவரும் ஏற்கவில்லை.

கடிபட்டவருக்கான சிகிச்சையும் எளிதாயிருக்கவில்லை. கசௌலி ஆராய்ச்சி நிலையத்தில் செம்பிள் என்பவர் 1911 இல் உருவாக்கிய மருந்து, ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டது. நாள்தோறும் ஒன்றாகப் பல நாட்கள் வயிற்றில் ஊசி ஏற்ற வேண்டும். நெடுங்காலம் இவ்வகை மருந்தே இந்நாடுகளில் வழங்கியது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்ய 1872 இலேயே சட்டம் இருந்தது. எனினும் இத்தகைய ஊசிக்கு நகரத்து மருத்துவமனையையே நாட வேண்டும். ஒவ்வொரு நாளும் போய் வந்தால் ஒவ்வொரு நாளும் பேர் இழப்பு. அன்றன்றைக் கூலியில் வாழ்பவனுக்கு இது சிறிய தடையன்று.

1973 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். 1975 இல் நாடு தழுவிய தடுப்புத் திட்டம் தொடங்கியது. நாய்களுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுவதும், கடிபட்டவருக்கு உடனே சிகிச்சை அளிப்பதும் அதன் இரு தூண்களாயின. தெருநாய்களைக் கொல்வதும் அதனோடு தொடர்ந்தது. அவ்வழக்கம் 2006 இல் அரசின் கொள்கையாகவே நிறுத்தப்பட்டது. பழைய மூளைத்திசு மருந்தின் இடத்தில் உயிரணு வளர்ப்பில் உருவாகும் பாதுகாப்பான தடுப்பூசி வந்தது. 2010 க்குப் பிந்திய ஆண்டுகளில் இறப்போர் தொகை பெரும்பாலும் ஐம்பதுக்கும் கீழே நின்றது. நாய்களைக் கொல்வது நின்றபின் இறப்பு பெருகிவிடவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. கொன்ற நாயின் இடத்தில் ஊசியில்லாத மற்றொரு நாய் வந்து சேரும். ஊசி பெற்ற நாயோ தன் இடத்தில் நின்று தானே ஒரு வேலியாகிறது.

இவ்வரலாறு கூறும் பாடம் தெளிவானது. நாயைக் காவலன் என்று மட்டும் எண்ணினால், அதன் உயிர் மலிந்துவிடும். காயத்தோடு காட்டிலேயே விட்டு வரவும் மனம் துணியும். செல்லம் என்று மட்டும் எண்ணினால், அதன் பல்லும் புண்ணும் அது சென்று வந்த இடமும் மறந்துபோகும். இரண்டையும் சேர்த்து எண்ணுபவரே சரியாக நிறுத்தவர் ஆவர். ஆண்டுதோறும் தடுப்பூசி இடாத நாயைக் காட்டோரம் போகவிடலாகாது. குட்டியையும், சினையுற்றதையும், முதிர்ந்ததையும் பன்றியின் முன் ஏவலாகாது. திரும்பி வந்த நாயின் உடலைத் தடவிப் பார்த்த பின்னரே பிள்ளைகளிடம் விட வேண்டும். குடற்புழுவுக்கு மருந்து கொடுக்க வேண்டும். தன் நாயே கீறினாலும், அப்புண்ணைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து நாட்கள் கவனிக்க வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு வேண்டுவதன்று. வேண்டுவது, இந்த நாய் என்னுடையது என்று ஒருவர் முன்வந்து கூறுவதே. எடுத்தனூர்க் கல்லில் கோவிவனின் பெயர் நிலைத்திருப்பதற்குக் காரணம், அதனைப் பெயர் சொல்லி அழைத்த ஒருவன் இருந்தமையே. லயத்து இஸ்தோப்பில் சுருண்டு கிடக்கும் நாய்க்கும் ஒரு பெயர் உண்டு. பிள்ளைகள் அதனை அறிவர். அப்பெயரைச் சொல்லி அதனைக் காவலுக்கு அழைக்கும் வீடு, அதே பெயரைச் சொல்லி ஊசி போடும் நாளிலும் அதனை அழைத்துச் செல்லுமானால், காவலும் நிலைக்கும், குழந்தையும் வாழும், நாயும் வாழும்.