வலியின் வரலாறு: பெரம்பூரிலிருந்து ஒரு குறிப்பு

1975ஆம் ஆண்டு பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்தார். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டதைப் பெருமையோடு சொல்லும் வடசென்னைக்காரர்கள், இந்த இரண்டாவது பெருமையை அவ்வளவாகச் சொல்வதில்லை. அறுவைக்கேனும் ஒரு வரலாறு இருக்கிறது. அதன்பின் வரும் வலிக்கு வரலாறு எழுதுவார் இல்லை.

அந்த வலி எத்தகையது? மார்பெலும்பை ரம்பத்தால் நெடுக அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். மாற்றுக் குழாய்க்காகப் பெரும்பாலும் காலிலிருந்தும் ஒரு சிரையை எடுக்கிறார்கள். மறுநாளே நோயாளி ஆழ்ந்து மூச்சிழுக்க வேண்டும், இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும். வலிக்கு அஞ்சி அவர் இருமாமல் இருந்தால் சளி தேங்கி, நுரையீரல் சுருங்கி, காய்ச்சல் தொடங்கும். ஆகவே வலியைத் தணிப்பது நோயாளிக்குச் செய்யும் சலுகையன்று, சிகிச்சையின் ஒரு பகுதி.

இதய அறுவைக்கும் அபினுக்கும் நெருங்கிய உறவுண்டு. அபினிலிருந்து மார்ஃபினை ஜெர்மானியர் செர்டுர்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தார். 1969இல் பாஸ்டன் நகரின் லோவன்ஸ்டைன் குழுவினர், பெரிய அளவில் மார்ஃபின் செலுத்தினாலும் நலிந்த இதயம் தாங்குகிறது என்று காட்டினர். மயக்க மருந்துக்கே அஞ்சவேண்டிய நிலையிலிருந்த இதய நோயாளிகளுக்கு அது ஒரு வழியைத் திறந்தது. பின்னாளில் ஃபென்டனில் அந்த இடத்தைப் பிடித்தது.

அபின் நமக்கு அந்நியமன்று. காஜிப்பூரில் 1820 முதல் அபின் ஆலை இயங்குகிறது. கும்பினியார் காலத்தில் இந்திய அபின் கல்கத்தாவில் ஏலம் போய்ச் சீனத்தைச் சீரழித்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி இன்றும் பயிராகிறது. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் குறைந்தது பத்தாண்டுச் சிறை என்று அச்சுறுத்தியது. மருந்தை வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. மருந்துக்கடைகள் மார்ஃபினைக் கைவிட்டன. 1985இல் 573 கிலோவாக இருந்த நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 1997இல் 18 கிலோவாகச் சுருங்கியது. மார்ஃபினைக் கையாண்டு பழகாத ஒரு மருத்துவத் தலைமுறையே உருவாயிற்று.

அச்சம் மருத்துவரோடு நிற்கவில்லை. காசிமேட்டில் வாழ்ந்த என் பெரியப்பா சில ஆண்டுகளுக்குமுன் பைபாஸ் செய்துகொண்டார். செவிலியர் கேட்கும்போதெல்லாம் "வலி இல்லம்மா" என்றே சொல்லியிருக்கிறார். சளி கட்டி, கூடுதலாகச் சில நாட்கள் படுக்கையில் கிடந்தார். பின்னர் என்னிடம் சொன்னார்: "ஊசி போட்டுக்கினே இருந்தா பழக்கமாய்டும்னு கம்முனு இருந்துட்டேன்பா."

அவர் அச்சத்தை முற்றாகத் தள்ளிவிடவும் இயலாது. அமெரிக்காவில் 1996இல் ஆக்ஸிகான்டின் என்னும் நீண்ட நேரம் வேலைசெய்யும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக் காட்டியதற்காக 2007இல் அதன் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் சிதைந்திருந்தன.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். அறுவைக்குப் பிந்தைய வலி பொதுவாக நாளுக்கு நாள் தணிவது. பன்னிரண்டு மணி நேரம் வேலைசெய்யும் மருந்தோ, வலி குறைந்தபின்னும் உடலில் தங்கி மூச்சை மந்தமாக்கலாம். அதனால்தான் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையை அறுவைக்குப் பிந்தைய வலிக்குப் பயன்படுத்தலாகாது என்று விதித்திருக்கிறார்கள். வழக்கமான வலிநிவாரணிகளான இப்யூபுரூஃபன் போன்றவையும் பைபாஸுக்குப் பின் ஆகாதவை. பாரசிட்டமாலை வேளை தவறாமல் கொடுத்து, முதல் சில நாட்களுக்கு மட்டும் விரைவில் அடங்கும் அபின்வகை மருந்தை அளந்து சேர்ப்பதே இன்றைய வழி. நீண்ட நேரம் வேலைசெய்யும் மார்ஃபினுக்கு உரிய இடம் புற்றுநோய் போன்ற ஓயாத வலி.

அந்த இடத்தை மீட்க உழைத்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் எம். ஆர். ராஜகோபால். கோழிக்கோட்டில் 1993இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் கேரளமெங்கும் பரவியது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவை என அறிவிக்கப்பட்டு, நாடு முழுமைக்கும் ஒரே விதி வந்தது. நம் வடசென்னையிலேயே, மணலியை அடுத்த மாத்தூரில், கைவிடப்பட்ட புற்றுநோயாளிகளை ஜீவோதயா இல்லம் கட்டணமின்றிப் பேணி வருகிறது.

சட்டம் திருந்திவிட்டது. மனம் திருந்த நாளாகும். வலியைப் பொறுத்துக்கொள்வதே வீரம் என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். துறைமுகத்திலும் ஆலையிலும் உடலை வருத்தியே வாழ்ந்தவர்கள் அதை நம்பவும் செய்தார்கள். "வலிக்கிறது" என்று சொல்லும் உரிமையை அவர்களுக்கு யாரேனும் முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும். என் பெரியப்பாவுக்கு நான் அதைச் சொல்லவில்லை.